வரிக் கடிதம் வந்தவுடன் வங்குரோத்தா?

வாசகர் கேள்வி:

ஐயா, பரந்தனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். வட்டக்கச்சியில் 5 ஏக்கர் வயல், பெர்மிட் காணி. 2023/24 வருடத்துக்கு வரி ரிட்டேர்ன் போடவில்லை, இரண்டு தரம் நினைவூட்டல் வந்தும் விட்டுவிட்டேன். இரண்டு கிழமைக்கு முன் ஆங்கிலத்தில் ஒரு பதிவுத்தபால் வந்தது. அந்த வருடம் என் வங்கிக் கணக்குகளுக்கு வந்த 3 கோடி ரூபாயை வியாபாரம் என்று எடுத்து, வருமானம் 72 இலட்சம் என்று மதிப்பிட்டு, 17 இலட்சத்து 10 ஆயிரம் வரி கட்டச் சொல்கிறார்கள். தண்டமும் வட்டியும் அதற்கு மேல். அதே வருடம் கடைக்காணியை ஈடு வைத்து 40 இலட்சம் வங்கிக் கடன் எடுத்தேன், லொறி லீசிங்கும் ஓடுகிறது. ஸ்காபரோவில் இருக்கிற அண்ணன், "வங்குரோத்து அடிச்சு விடு, வரிக்கடனும் சேர்ந்து போகும், நான் இஞ்ச அப்பிடித்தான் செய்தனான்" என்கிறார். மனைவி, அதற்கு முதல் சொத்தைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்கிறா. கிளிநொச்சி நீதிமன்றத்தில் வங்குரோத்துப் போடலாமா? அண்ணன் மகளின் கலியாணத்துக்குக் கனடா போக விசாவும் கிடைத்திருக்கிறது, கட்டுநாயக்காவில் மறிப்பார்களா?

பதில்:

தம்பி, மிச்சத்தை வாசிக்க முதல் அந்தக் கடிதத்தை எடுத்து அதில் போட்டிருக்கிற திகதியைப் பாருங்கள். மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்தால் அதை ஏற்கவில்லை என்று எழுதி நிர்வாக மீளாய்வு (திணைக்களமே அந்த மதிப்பீட்டைத் திரும்பப் பார்ப்பது) கேட்க உங்களுக்கு 30 நாள்தான் இருக்கிறது. அதில் இரண்டு கிழமை ஏற்கனவே போய்விட்டது. தபால் உறையை எறிந்திருந்தால் குப்பைக்குள் தேடியாவது எடுத்து வையுங்கள், எந்த நாள் உங்கள் கைக்கு வந்தது என்று யாராவது கேட்டால் அதில் உள்ள முத்திரைதான் சாட்சி. 30 நாள் தாண்டினாலும் சுகயீனம், வெளிநாட்டில் இருந்தது போன்ற நியாயமான காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்ள உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகத்துக்கு இடம் உண்டு, ஆனால் "பயத்தில் திறக்காமல் வைத்திருந்தேன்" என்பதை யாரும் காரணமாக எடுக்கமாட்டார்கள்.

சரி, இனி அண்ணன் சொன்னதுக்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. கனடாவில் வருமான வரிக் கடன் வங்குரோத்தில் அடங்கும். முதல் தடவை போகிறவர், மேலதிக வருமானம் இல்லாதவர், சொன்ன கடமைகளைச் செய்து முடித்தால் 9 மாதத்தில் தானாகவே விடுபடலாம். அங்கேகூட வரிக் கடன் 2 இலட்சம் டொலரோ அதற்கு மேலோ இருந்து, அது ஈடில்லாத மொத்தக் கடனில் 75 வீதத்துக்குக் குறையாமல் இருந்தால், தானாக விடுதலை இல்லை, நீதிமன்றம்தான் முடிவெடுக்கும். அண்ணனுக்கு அந்தச் சிக்கல் வந்திருக்காது. எப்படியென்றாலும் அது அந்த நாட்டுச் சட்டம், பரந்தனில் இருக்கிற உங்களுக்கு அதில் ஒரு வரிகூடப் பொருந்தாது.

எங்கள் நாட்டில் தனி ஆள் வங்குரோத்துக்குப் போவதற்கு இருப்பது 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஆண்டைக் கவனித்தீர்களா? விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்து வியாபாரிகளை மனதில் வைத்து எழுதியது. மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், உங்கள் சொத்து முழுவதும் நீதிமன்றம் நியமிக்கும் ஒருவரின் கைக்குப் போகும், கடன் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் வைப்பார்கள், உங்களை விசாரிப்பார்கள், கடைசியில் நீதிமன்றம் சான்றிதழ் தந்தால்தான் வெளியே வரலாம். 9 மாதம், 12 மாதம் என்று தானாக முடியும் கணக்கெல்லாம் அதில் கிடையாது. நடைமுறையில் அந்தப் பக்கம் ஆட்கள் போவதே அபூர்வம்.

அதைவிட முக்கியமான சங்கதி, வங்குரோத்து வரிசையில் வரித் திணைக்களம் சீட்டுக்காரர், சீமெந்துக் கொம்பனிக்காரர் மாதிரி பின்னால் நிற்கிற ஆள் இல்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் வரிக்கு முன்னுரிமை கொடுக்கிறது. கடைக்காணியை ஈடு பிடித்த வங்கியின் உரிமையும் வங்குரோத்தால் அழியாது, லொறி லீசிங் கொம்பனியின் பெயரில் இருக்கிறது, கட்டாவிட்டால் எடுத்துக்கொண்டு போவார்கள். அப்போ யாரிடம் இருந்து உங்களைக் காப்பாற்றப் போகிறது இந்த வங்குரோத்து? கடனுக்குக் கம்பி தந்த மொத்த வியாபாரியிடம் இருந்து மட்டும். அவரிடம் நாளைக்கும் சாமான் எடுக்க வேண்டியவர் நீங்கள். வங்குரோத்து ஆனவர் விடுபடும்வரை கொம்பனிப் பணிப்பாளராக இருக்கமுடியாது, பாராளுமன்றத்துக்கும் போகமுடியாது, (பின்னது உங்களுக்குக் கவலை இல்லை என்று நினைக்கிறேன்), வங்கியில் இனிக் கடன் என்ற கதையே வராது.

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான் இது. ஏனென்றால் உங்கள் கடிதத்தை வாசித்த அளவில், அந்த 17 இலட்சம் உங்கள் கடன் என்றே எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் எப்படி அந்தத் தொகைக்கு வந்தார்கள் என்று பார்ப்போம். நீங்கள் ரிட்டேர்ன் போடவில்லை, ஆகவே அதிகாரிக்குக் கையில் கிடைத்தது வங்கிக் கூற்று மட்டும். வரவுப் பக்கத்தைக் கூட்டினார், 3 கோடி. அதில் 24 வீதம் இலாபம் என்று ஒரு ஊகம், 72 இலட்சம். அந்த வருடத்துக்குரிய தனிநபர் நிவாரணம், அதாவது ஒருவருக்கு வரியில்லாமல் விடுகிற தொகை, 12 இலட்சத்தைக் கழித்தால் 60 இலட்சம். முதல் 25 இலட்சம் ஐந்து படிகளாக 6, 12, 18, 24, 30 வீதத்தில் போய் 4 இலட்சத்து 50 ஆயிரம், மிச்ச 35 இலட்சத்துக்கும் 36 வீதம், அது 12 இலட்சத்து 60 ஆயிரம். கூட்டிப் பாருங்கள், கடிதத்தில் உள்ள தொகை சதம் பிசகாமல் வரும். கணக்கில் பிழையில்லை. கணக்கு தொடங்கிய இடம்தான் பிழை, கணக்குக்கு வந்த காசெல்லாம் வியாபாரக் காசு இல்லையே.

எங்கள் பக்கத்தில் எல்லாம் ஒரே கணக்கில்தான் ஓடும். கடைக் காசு, நெல் விற்ற காசு, சீட்டு எடுத்த காசு, வெளிநாட்டில் இருந்து அம்மாவின் மருந்துக்கு வந்த காசு, மச்சானின் காணி விற்ற காசு "உன்ரை கணக்கில போட்டு வை" என்று வந்தது, எல்லாம் ஒரு புத்தகத்தில். 2009க்குப் பிறகு ஏ9 வீதி நெடுக வங்கியும் லீசிங்கும் வந்த வேகத்துக்குக் கணக்கு எழுதும் பழக்கம் வரவில்லை, அது கடைக்காரர்களின் குற்றம் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன், ஒருவரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

ஆகவே இன்றைக்கு இரவே நீங்கள் செய்யவேண்டியது, 2023 ஏப்ரல் 1 முதல் 2024 மார்ச் 31 வரைக்குமான வங்கிக் கூற்றை எடுத்து, எல்லாக் கணக்குக்கும், நாலைந்து நிறப் பேனையுடன் உட்காருவது. வங்கிக் கடன் 40 இலட்சம் எந்த நாள் விழுந்தது, அதற்கு ஒரு நிறம், கடன் வருமானம் இல்லை. அண்ணன் அனுப்பியதுக்கு இன்னொரு நிறம். சீட்டு எடுத்ததுக்கு ஒன்று. நடைமுறைக் கணக்கில் எடுத்துச் சேமிப்பில் போட்டது, சேமிப்பில் எடுத்துத் திரும்ப நடைமுறையில் போட்டது, இதுதான் பலபேருக்குப் பெரிய தொகையாக வரும், ஒரே காசு இரண்டு தரம் மூன்று தரம் எண்ணப்பட்டிருக்கும். இயந்திரத்தில் போட்ட காசு என்று கூற்றில் வெறுமனே இருக்கும் வரிகள்தான் கஷ்டம், அவற்றுக்குப் பக்கத்தில் நினைவு இருக்கும்போதே பென்சிலால் எழுதுங்கள்.

அப்புறம் நெல். இது உங்கள் விஷயத்தில் தனியாகச் சொல்லவேண்டியது. சொந்தமாக விவசாயம் செய்து, விளைந்ததைப் பதனிடாமல் அப்படியே விற்று வந்த இலாபத்துக்கு 2019 ஏப்ரல் 1 முதல் 5 வருடம் வருமான வரி விலக்கு இருந்தது. உங்களுடைய 2023/24 அந்த 5 வருடத்தின் கடைசி வருடம், மயிரிழையில் உள்ளே. இரணைமடுத் தண்ணீரில் காலபோகமும் சிறுபோகமும் விதைத்து நெல்லாகவே விற்றது இதற்குள் வரும். மற்றவர்களிடம் நெல் வாங்கி விற்றிருந்தால் அது வியாபாரம், வராது. குத்தி அரிசியாக்கி விற்றிருந்தால் கணக்கை வேறு விதமாகப் பிரிக்கவேண்டும். வயல் உங்கள் பெயரில் என்பதற்குப் பெர்மிட் பிரதி, பசளை மானியம் எடுத்த பதிவு, கமக்காரர் அமைப்பு ரசீது, நெல் வாங்கியவரின் துண்டு, இருக்கிற எல்லாவற்றையும் சேருங்கள்.

ஒரு உத்தேசக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், உங்கள் உண்மைத் தொகைகள் வேறாக இருக்கும். 3 கோடியில் கடன் 40 இலட்சம், அண்ணன் அனுப்பியது 45, சீட்டு 10, கணக்குக்குக் கணக்கு மாறியது 40, நெல் 15 என்றால் பாதி போய்விட்டது. மிச்சம் 1 கோடி 50 இலட்சம் வியாபாரம். சாமான் வாங்கின விலை, கூலி, டீசல், மின்சாரம், வங்கி வட்டி எல்லாம் போக 22 இலட்சம் இலாபம் என்று வைப்போம். 12 இலட்சம் நிவாரணம் கழித்தால் 10 இலட்சம். முதல் 5 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 12 வீதம், மொத்த வரி 90 ஆயிரம் ரூபாய். 17 இலட்சம் எங்கே, 90 ஆயிரம் எங்கே! வரி குறைந்தால் அதன் மேல் ஏறுகிற தண்டமும் குறையும்: பிந்திக் கட்டுவதற்கான 20 வீதத் தண்டம் 17 இலட்சத்து 10 ஆயிரத்துக்கு 3 இலட்சத்து 42 ஆயிரம், 90 ஆயிரத்துக்கு 18 ஆயிரம். மாதத்துக்கு 1.5 வீத வட்டியும் அப்படியே. ரிட்டேர்ன் போடாததுக்கான தண்டம் மட்டும் அவ்வளவு இறங்காது, அதற்கு அடிமட்டமே 50 ஆயிரமும் பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் 10 ஆயிரமும், உச்சம் 4 இலட்சம். அதைக் குறைக்கும்படி காரணத்துடன் தனியாக எழுதிக் கேட்கவேண்டும். அதனால்தான் சொல்கிறேன், அந்த ரிட்டேர்னை இந்த மாதம் முடிய முதல் போடுங்கள், தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் காசு.

வற் (பெறுமதி சேர் வரி) பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்காவிட்டாலும் மனதில் ஓடும். அந்தக் காலத்தில் பதிவு எல்லை வருடத்துக்கு 8 கோடி, 2024 ஜனவரியில் 6 கோடியாக இறங்கியது. 3 கோடியும் வியாபாரம் என்று எடுத்தாலும் நீங்கள் கிட்டவும் இல்லை.

இப்போ ஒரு சங்கடமான கேள்வி நான் கேட்கவேண்டும். அந்த 40 இலட்சம் கடன் எடுக்க வங்கிக்கு ஒரு இலாப நட்டக் கணக்குக் கொடுத்திருப்பீர்கள். அதில் இலாபம் எவ்வளவு என்று போட்டீர்கள்? கடன் கிடைக்கவேண்டும் என்று ஊதி எழுதிக் கொடுப்பது இங்கே நடக்கிற விஷயம், எழுதிக் கொடுக்க ஆட்களும் இருக்கிறார்கள். வங்கிக்கு 70 இலட்சம் இலாபம், வரிக்கு 22 இலட்சம் இலாபம் என்றால் அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பார், அவருக்கு வங்கியிடம் இருந்து தகவல் எடுக்க அதிகாரம் உண்டு. அப்படி ஏதும் இருந்தால் உங்களுக்காக எழுதப்போகிற கணக்காளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். விசாரணை மேசையில் வைத்து அவர் முதன்முதல் அதைக் கேள்விப்படக்கூடாது.

மீளாய்வுக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை, ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன் என்று 25 ஆயிரம் கேட்கிறவரிடம் போகத் தேவையில்லை. "வரி அதிகம், குறைத்துத் தாருங்கள்" என்று எழுதினால் அது மனு, ஆட்சேபம் இல்லை. எந்தத் தொகை, ஏன் வருமானம் இல்லை, அதற்கு என்ன ஆவணம் இணைத்திருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக எழுதவேண்டும். அண்ணனிடம் காசு அனுப்பிய ரசீதுகளையும் தான்தான் அனுப்பியது என்று ஒரு கடிதத்தையும் வாங்குங்கள், கலியாண வேலையில் இருந்தாலும் இதைச் செய்யட்டும், வங்குரோத்து யோசனை சொன்னவர்தானே. அதே கடிதத்தில், முடிவு வரும்வரை சர்ச்சைக்குரிய தொகையை அறவிடுவதை நிறுத்தி வைக்கும்படியும் கேளுங்கள், கேட்காவிட்டால் யாரும் தாமாக நிறுத்தமாட்டார்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள், தபாலென்றால் பதிவுத்தபால். மீளாய்விலும் சரிவரவில்லை என்றால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கிறது, அதற்கும் 30 நாள்தான், அங்கே போக முன்கூட்டியே ஒரு தொகை கட்டவும் வேண்டும். உங்களிடம் ஆவணம் இருந்தால் அவ்வளவு தூரம் போகாது என்று நினைக்கிறேன்.

உங்கள் கணக்கிலேயே வரும் வரியை, 90 ஆயிரமோ என்னவோ, ரிட்டேர்னுடன் சேர்த்துக் கட்டிவிடுங்கள். எந்த வருடம், எந்த வரி என்று சரியாகக் குறித்துக் கட்டுங்கள், பிழையான வருடத்துக்குப் போன காசைத் திருப்பிச் சரியான இடத்துக்குக் கொண்டுவருவது தனித் தலையிடி. கையில் இல்லை என்றால் தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு எழுதலாம். வட்டி ஓடும்தான், ஆனால் தவணைக்கு எழுதிக் கேட்டுக் கட்டிக்கொண்டு இருக்கிறவரையும், கடிதத்தைத் திறக்காமல் அலுமாரியில் வைக்கிறவரையும் ஒரே மாதிரி நடத்தமாட்டார்கள். இரண்டாமவருடைய வங்கிக்குத்தான் "இவர் கணக்கில் உள்ள காசை எங்களுக்கு அனுப்பு" என்று அறிவித்தல் போகும். அப்படி ஒன்று வந்தால் மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலைகள் எல்லாம் திரும்பும், கடை அந்தக் கிழமையே படுத்துவிடும். நீங்கள் பயப்படவேண்டியது அதற்கு.

மனைவி சொன்ன யோசனை வேண்டாம். வரி அறிவித்தல் கையில் இருக்கும்போது சொத்தைப் பெண்சாதி பெயருக்கு எழுதினால், கடன்காரரை ஏமாற்ற எழுதியது என்று அந்த உறுதியை நீதிமன்றத்தில் உடைக்கலாம், உங்கள் நேர்மையும் அதோடு உடையும், பிறகு சீட்டுக் காசு சீட்டுக் காசுதான் என்று சொன்னாலும் நம்பமாட்டார்கள். அதோடு எதை எழுதப் போகிறீர்கள்? கடைக்காணி வங்கியில் ஈடு. வயல் பெர்மிட், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது, நினைத்தபடி கைமாற்ற முடியாது, பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும். மனைவிக்குச் சீதனமாக அவர் பெயரில் எழுதிக் கொடுத்த காணி ஏதும் இருந்தால் அது தேசவழமைப்படி (வடக்குத் தமிழரின் வழமைச் சட்டப்படி) அவருடையது, உங்கள் வரிக்காக அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. கலியாணத்துக்குப் பிறகு வாங்கிய தேடிய தேட்டம் இருந்தால் அது சிக்கலான விஷயம், கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ காணி வழக்குப் பேசுகிற சட்டத்தரணி ஒருவரிடம் உறுதிகளுடன் போய்க் கேளுங்கள்.

வங்குரோத்து ஒருக்காலும் கூடாதா என்று கேட்டால், அப்படியும் சொல்லமாட்டேன். மீளாய்வு, மேன்முறையீடு எல்லாம் முடிந்து, உண்மையாகவே கட்டவேண்டிய தொகை என்று உறுதியாகி, கடையும் போய், ஈடில்லாத கடன்காரர் பலபேர் ஒரே நேரத்தில் வழக்குப் போட்டு, விற்கவும் ஒன்றும் மிஞ்சாத ஆள் ஒருவர் வந்தால் அவருடன் உட்கார்ந்து அந்த 1853ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பேன், அப்போதும் வரிக்காக இல்லை, மற்றக் கடன்களுக்காக. ஓடுகிற கடையும் விளைகிற வயலும் வைத்திருக்கிற நீங்கள் அந்த ஆள் இல்லை. 2021இல் வந்தது மாதிரி இன்னொரு வரி மன்னிப்பு வரும், அதுவரை இருப்போம் என்றும் இருக்காதீர்கள், கடைத்தெருவில் அப்படிச் சொல்லிக்கொண்டு இருக்கிறவர்கள் உங்கள் வட்டியைக் கட்டப்போவதில்லை.

கடைசியாகக் கலியாணம். வரி நிலுவை உள்ளவர் கட்டாமல் நாட்டை விட்டுப் போய்விடுவார் என்று நினைத்தால் பயணத்தைத் தடுக்க திணைக்களத்துக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. நிலுவை உள்ள எல்லாரையும் மறிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை, ஆனால் நினைவூட்டல் இரண்டுக்குப் பதில் இல்லை, ரிட்டேர்ன் இல்லை, கையில் கனடா விசா என்றால் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? மீளாய்வைப் போட்டு, ரிட்டேர்னைப் போட்டு, ஒப்புக்கொண்ட வரியைக் கட்டி அல்லது தவணைக்கு எழுதி, அந்தப் பிரதிகளுடன் திணைக்களத்துக்கு நேரில் போய் இந்தத் திகதியில் போய் இந்தத் திகதியில் வருகிறேன் என்று எழுத்தில் கொடுத்து, தடை ஏதும் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ரிக்கெட்டை அதற்குப் பிறகு எடுங்கள், முதல் எடுத்தால் திருப்பக்கூடியதாக எடுங்கள்.